ஆயிர வருட அரசாட்சி டார்பி கட்டிவிட்ட கதையா?

சீயோன்_காவலன்: "இயேசு எருசலேமில் உட்கார்ந்து ஆயிரம் வருஷம் ஆளுவார் என்பதே 1830-களில் டார்பி என்ற பிரிட்டிஷ் போதகர் கட்டிவிட்ட கதை"ன்னு ஒரு மேதாவி எழுதிட்டுப் போயிருக்கார். வெளிப்படுத்தின விசேஷம் 20-ஐத் திறந்து பாருங்க. 2-ஆம் வசனத்திலிருந்து 7 வரைக்கும் வசனத்துக்கு ஒரு தடவை "ஆயிரம் வருஷம்". ஆறு தடவை! டார்பி பிறந்ததே 1800-ல. இரண்டாம் நூற்றாண்டு சபைப் பிதாக்கள் ஜஸ்டினும் ஐரேனியூஸும் இதைத்தான் நம்பினாங்க. அவங்களுக்கும் டார்பிதான் பாடம் எடுத்தாரா?

கடுகுவிதை: மேதாவி நான்தான் பிரதர், நேரடியாவே திட்டலாம். திரிபோங்கிற யூதரோட ஜஸ்டின் வாதாடுற அதே இடத்துல, நல்ல விசுவாசிகள்லயே பல பேர் இதை ஏத்துக்கலைன்னு அவரே சொல்றார். அந்த வரி மட்டும் கண்ணுல படலையா? விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்ற ரகசிய வருகை, ஏழு வருஷ உபத்திரவம், அப்புறம் ஆட்சின்னு அட்டவணை போட்டது டார்பி. அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 1909-ல விளக்கக் குறிப்புகளோட வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம்.

சீயோன்_காவலன்: அட்டவணையை யார் கேட்டா? ஆறு தடவை. அதுக்குப் பதில் சொல்லுங்க.

அந்தோணியார்_தெரு: திருவெளிப்பாட்டில் (நீங்க சொல்ற வெளிப்படுத்தின விசேஷம்தான்) சங்கிலி அடையாளம், திறவுகோல் அடையாளம், அரக்கப் பாம்பு அடையாளம். நம்பர் மட்டும் நிஜமாம்! ஆயர் அகுஸ்தினார் 5-ஆம் நூற்றாண்டிலேயே முடிச்சு வச்ச விஷயம் இது, திருச்சபையின் காலம்தான் அந்த ஆயிரம். எங்க கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 676-ஆம் எண்ணில் இந்தக் கொள்கையைத் தெளிவா மறுக்குது. லூக்கா 1:33 என்ன சொல்லுது? "அவரது ஆட்சிக்கு முடிவே இராது." முடிவே இல்லாத ஆட்சிக்கு எதுக்கு ஆயிரம் வருஷக் குத்தகை?

சீயோன்_காவலன்: அந்தோணி அண்ணா, உங்க சபை நூல் எனக்கு வேண்டாம், வேதத்துக்கு வாங்க. ஏசாயா 65:20, நூறு வயசுல சாகிறவனும் வாலிபன்னு எண்ணப்படுவான். கடைசியில வர்ற புதிய எருசலேமில் மரணமே கிடையாது. அப்போ சாவும் இருந்து ஆயுசும் நீளுற அந்தக் காலம் எது? உங்க தெருவுல ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒண்ணா மேயுதா? ஆயிரம்னா ஆயிரம்தான். ஆறு தடவை!

கடுகுவிதை: சரி, எழுத்துக்கு எழுத்தாவே எடுத்துக்குவோம். எசேக்கியேல் 43-ல, வரப்போற ஆலயத்துல பாவநிவாரணத்துக்குக் காளை பலியிடுறாங்க. எபிரெயர் 10:18-ல "இனிப் பாவத்தினிமித்தம் பலிசெலுத்தப்படுவதில்லை". கர்த்தர் சிங்காசனத்துல இருக்க, எதிர்ல காளை வெட்டுவாங்களா?

சீயோன்_காவலன்: அது நினைவுகூருதல். நாம திருவிருந்து எடுக்கலையா? பேச்சை மாத்தாதீங்க. ஆறு.

அந்தோணியார்_தெரு: உங்க ஐரேனியூஸ் அந்த ஆட்சியைப் பத்தி எழுதினதைப் படிச்சீங்களா? அவருக்கு முந்தின ஆயர் பப்பியாஸ் வழியா வந்ததுன்னு சொல்றார். ஒரு திராட்சைக் கொடிக்குப் பத்தாயிரம் கிளை, ஒரு குலைக்குப் பத்தாயிரம் பழம், ஒரு பழத்தைப் பிழிஞ்சா 25 மெட்ரீட்டஸ் கணக்குல ஒயின். அந்தக் கால கிரேக்க அளவு, ஒண்ணுக்கு ஏறக்குறைய 39 லிட்டர். ஒத்தைப் பழத்துக்கே ஆயிரம் லிட்டர் கிட்ட! சொட்டுகூடத் தொடாத சபைக்காரங்க இதை என்ன பண்றதா உத்தேசம்?

சீயோன்_காவலன்: அது வெறும் பழரசம்.

அந்தோணியார்_தெரு: இயேசு தண்ணியை ஒயினாக்கின கானாவூர் கல்யாணத்துலயும் ஜூஸ்தானா?

சீயோன்_காவலன்: போன வருஷம் தசமபாகத் திரியிலும் இப்படித்தான் கேலி பண்ணிட்டு ஓடினீங்க.

லேவி_கோத்திரம்: ஓடினது நீங்க. ஸ்கிரீன்ஷாட் இருக்கு. அன்னைக்கு நான் கேட்டதுக்கே இன்னும் பதில் வரல. அமெரிக்கப் பிரசங்கியார் மில்லரோட ஆளுங்க, இயேசு வர்ற நாள் 1844 அக்டோபர் 22-ன்னாங்க. அப்புறம் 1948-ல இஸ்ரேல் பிறந்துச்சு, ஒரு தலைமுறைக்கு 40 வருஷம்னு கூட்டி 1988-ன்னாங்க. உங்க கணக்குப்பிள்ளைகள் எல்லாம் இப்ப எங்கே?

சீயோன்_காவலன்: நான் தேதி சொன்னேனா? அந்த நாள் யாருக்கும் தெரியாதுன்னு சொல்ற மத்தேயு 24:36 எனக்கும் தெரியும். தேதி வேற, ஆயிரம் வேற.

கடுகுவிதை: அவர் வருவார், நியாயந்தீர்ப்பார். விசுவாசப் பிரமாணத்துல வாரா வாரம் சொல்றேன். உங்க காலண்டர்லதான் எனக்கு நம்பிக்கை இல்ல. எபிரெயர் 10:18 என்னாச்சு?

சீயோன்_காவலன்: புஸ்தகத்தைப் பார்த்து ஒப்பிச்சா அது விசுவாசமா? உபவாசக் கூட்டத்துக்கு நேரமாச்சு, வந்து பேசுறேன். அதுவரைக்கும் விரல் விட்டு எண்ணுங்க. ஆறு.

அந்தோணியார்_தெரு: ஒயினுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க அண்ணே!