நாற்பது குரலில் ஒரு குரலின் பக்கத்தில்

பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸின் 'ஸ்பெம் இன் ஆலியும்' என்ற லத்தீன் தேவாலயப் பாட்டு எனக்கு முதலில் பிடிபடவே இல்லை. டொராண்டோவில் வேலைக்குப் போகிற ரயிலில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். நாற்பது குரல், நாற்பதுக்கும் வேறு வேறு இசை வரி. என் காது ஒரு மெட்டைத் தேடிக்கொண்டே இருந்தது. எதைப் பிடித்தாலும் அடுத்த குரல் வந்து அதை மூடிவிடும். பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஒருமுறை அம்மாவோடு ஒட்டாவா போயிருந்தபோது கனடா தேசியக் கலைக்கூடத்தில் இதே பாட்டு மறுபடி எதிர்ப்பட்டது. அந்தக் கட்டடத்துக்குள் ஒரு சிற்றாலயமே இருக்கிறது. ரிடோ தெருவில் இருந்த கன்னியர் மடத்தை 1972இல் இடித்தபோது, அதன் ஆலயத்தை மட்டும் துண்டு துண்டாகப் பிரித்துப் பாதுகாத்து, பிறகு இங்கே கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். மெல்லிய இரும்புத் தூண்கள், விசிறிபோல் விரியும் கூரை. நடுவில் ஆள் உயரத்தில் நாற்பது ஸ்பீக்கர்கள், ஐந்தைந்தாக எட்டுக் கூட்டம், நீள்வட்டமாக. ஜேனட் கார்டிஃப் என்ற கலைஞர் 2001இல் செய்தது. இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயப் பாடகர்களைக் குரல் குரலாகத் தனித்தனி மைக்கில் பதிந்து, ஒரு குரலுக்கு ஒரு ஸ்பீக்கர் என்று நிறுத்தியிருக்கிறார்.

நாங்கள் உள்ளே போனபோது பாட்டு தொடங்கவில்லை. ஒரு ஸ்பீக்கரில் யாரோ இருமினார். இன்னொன்றில் பக்கத்து ஆளோடு பேச்சு. அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார், பின்னால் ஆள் நிற்பதாக நினைத்து.

முதல் சுற்றை நடுவில் உட்கார்ந்து கேட்டேன். ஒரே ஒரு குரல் தொடங்குகிறது. அடுத்தது சேர்கிறது, அதற்கடுத்தது. முதல் கூட்டத்திலிருந்து பாட்டு வட்டமாக நகர்ந்து எட்டாவதை எட்டுகிறது. முன்னால் பாடியவர்கள் ஒவ்வொருவராக ஓய்கிறார்கள். பிறகு நாற்பது பேரும் ஒன்றாக. அந்த இடத்தில் ஒலி நாலா பக்கமிருந்தும் வந்து நெஞ்சில் இறங்கியது. ரயிலில் எனக்குக் கேட்காமல் போனது இந்த நகர்வுதான். இடம் இல்லாமல் இந்தப் பாட்டு இல்லை.

இது ஏறக்குறைய 1570 வாக்கில் எழுதப்பட்டது. 1567இல் இத்தாலிய இசைஞர் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்த்ரிஜ்யோ லண்டன் வந்திருந்தார். நாற்பது குரலுக்கு எழுதியவர். நம் இங்கிலாந்துக்காரன் எவனாலும் இப்படி எழுத முடியாதா என்று ஒரு பிரபு கேட்டதாகவும், டாலிஸின் பாட்டைக் கேட்டு முடித்ததும் தன் கழுத்துத் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டதாகவும் ஒரு கதை உண்டு. எட்டாம் ஹென்றி முதல் முதலாம் எலிசபெத் வரை நான்கு ஆட்சிகளில் அரச ஆலயத்துக்குப் பாடியவர் டாலிஸ். அரியணை மாறும்போதெல்லாம் நாட்டின் மதமும் மாறியது, வழிபாட்டு மொழியும் மாறியது. அப்படி வாழ்ந்தவர் 'உம்மைத் தவிர வேறெவரிடத்திலும் நான் நம்பிக்கை வைத்ததில்லை, இஸ்ரவேலின் தேவனே' என்ற லத்தீன் வரிகளை எடுத்துக்கொண்டார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இரண்டாவது சுற்றில் அம்மா ஒரு பேஸ் குரலின், அதாவது மிகத் தாழ்ந்த ஆண் குரலின், முன்னால் போய் நின்றுகொண்டார், அசையவே இல்லை. "இந்தா, இவர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குது, வந்து பாரு" என்றார். போனேன். அந்த ஒரு குரல் அவ்வளவு எளிமையாக இருந்தது. நாலைந்து சுரம், நீண்ட இழுப்பு, பிறகு அமைதி. அதைத் தனியாகக் கேட்டால் பாட்டு என்றே சொல்ல மாட்டோம்.

மூன்றாவது சுற்றுக்கு நான் எட்டாவது கூட்டத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். பாட்டு தொடங்கி இரண்டு நிமிடத்துக்கும் மேல் அவருக்கு வேலை இல்லை. மறுபக்கம் பாட்டு எழும்பிக் கிட்டே வந்துகொண்டிருக்கிறது, என் முன்னால் இருப்பவர் வாய் திறக்கவில்லை. அந்தக் காத்திருப்பை நானும் நின்று அனுபவித்தேன். முடிவுக்கு வரும்போது எல்லாரும் ஒரு கணம் நிறுத்துகிறார்கள். அப்புறம் 'ரெஸ்பிச்சே' என்று நாற்பது பேரும் சேர்ந்து விழுகிறார்கள். 'எங்கள் தாழ்மையைப் பாரும்' என்ற வரியின் முதல் சொல் அது. அந்த ஒரு கணத்தில், என் காதுக்கு ஒரு முழம் தள்ளி, அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.