அப்பாவின் வலது கையும் காந்த சிகிச்சையும்: எங்கள் குடும்பக் குழுவில்

கீதா: அப்பாவின் கைக்குக் காந்தத் துடிப்பு சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம் என்று நேற்று மருத்துவர் சொன்னார். மொத்தம் இருபது அமர்வுகள். பக்கவாதம் வந்து நான்கு மாதமாகியும் அப்பாவால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. காபி டம்ளரை இடது கையால்தான் பிடிக்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சரோஜா அத்தை: மருத்துவர் தந்த சீட்டில் 'குறைந்த அதிர்வெண்' என்று இருக்கிறதே. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவதும் அதுதான் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அதற்கு எதிரே வீடு வாங்காதே என்று உன் அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டார்கள்?

ரவி: அத்தை, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

கணேசன் சித்தப்பா: அக்கா, சொல் ஒன்றுதான், பொருள் வேறு. மின்கம்பியில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அதனால் வீட்டுக்குள் எழும் காந்தப்புலம் பெரும்பாலும் ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கும் கீழே; டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு, அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோடெஸ்லா. மின்காந்தப் பாதுகாப்பு வரம்புகளை வகுக்கும் பன்னாட்டு ஆணையம் 2010இல் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்த வரம்போ 200 மைக்ரோடெஸ்லா. மருத்துவமனையில் எட்டு வடிவக் கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து, ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்கு ஒன்றரை டெஸ்லா அளவில் புலத்தை எழுப்புகிறார்கள். மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831இல் கண்டாரே, அந்த விதிப்படி மண்டையோட்டைத் திறக்காமலே மூளையின் மேற்பரப்பில் மின்னோட்டம் பிறக்கிறது. 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். நொடிக்கு ஒரு துடிப்பு என்பதைத்தான் சீட்டில் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

ரவி: பாதிக்கப்பட்டது வலது கையை இயக்கும் இடது மூளை. சுருளை வலது பக்கம் வைப்பார்களாமே?

கணேசன் சித்தப்பா: ஆமாம். மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிச் சமநிலையில் இருப்பவை. இடப்பக்கம் நலிந்ததும் வலப்பக்கம் மிஞ்சிய வேகத்தோடு செயல்பட்டு, மிச்சமிருக்கும் நரம்புகளையும் எழவிடுவதில்லை என்பது கருத்து. நொடிக்கு ஒன்றாகப் பதினைந்து இருபது நிமிடம் துடிப்பு கொடுத்தால் அந்த வேகம் தணிகிறது. நொடிக்கு ஐந்தைத் தாண்டினால் பெரும்பாலும் கூடுகிறது. சுருளை எடுத்த பிறகும் இந்த மாற்றம் சிறிது நேரம் நீடிப்பதால், நரம்பிணைப்புகளின் வலிமையே மாறுவதாகக் கருதுகிறார்கள். அந்த நேரத்தில் கைப்பயிற்சி செய்ய வேண்டும்.

கீதா: பலன் உறுதியா, சித்தப்பா?

கணேசன் சித்தப்பா: 2020இல் வெளியான ஐரோப்பிய நிபுணர்களின் வழிகாட்டுதல், பக்கவாதம் வந்த ஆரம்ப மாதங்களில் கைக்கு இது பயன் தரும் என்று உயர்ந்த தரம் கொடுத்திருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 199 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், உண்மைத் துடிப்பு பெற்றவர்களும் போலித் துடிப்பு பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். இரு தரப்புக்கும் கைப்பயிற்சி இருந்தது. ஆகவே எதை விட்டாலும் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே, அம்மா.

ரவி: கீதா அதை ஒருநாளும் விட்டதில்லை.

சரோஜா அத்தை: கீதா, இதை நான் சொல்லியே ஆக வேண்டும். ஆறு வயதில் உன் அப்பாவுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. வெளியே சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். கணேசன் அப்போது பிறக்கவேயில்லை.

கீதா: வலிப்பு வந்ததில்லை என்று நேற்றுப் படிவத்தில் நானே எழுதிக் கொடுத்தேனே, அத்தை.

கணேசன் சித்தப்பா: நொடிக்கு ஒரு துடிப்பு என்ற இந்த வேகத்தில் சிகிச்சையால் வலிப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனாலும் மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது. படிவத்தை இன்றே திருத்து.

ரவி: நான் ஞாயிறு வருகிறேன். செலவைப் பற்றியும் அப்போது பேசலாம்.

சரோஜா அத்தை: நானும் வருகிறேன். அவனிடம் நானே சொல்கிறேன்.