லெபாண்டோவில் ஜெயித்த வெனிஸ் சைப்ரஸை ஏன் விட்டது?

காசிமேடு தச்சன்:
எனக்குக் காசிமேட்டில் படகுத் தச்சு வேலை, அப்பா காலத்திலிருந்து அதுதான். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுகள் சும்மா நிற்கும், எங்களுக்குத்தான் மூச்சுவிட நேரமிருக்காது. இந்த வருடம் அது முடிந்ததும் ராத்திரியில் வெனிஸ் வரலாறு படிக்க உட்கார்ந்தேன். படகு கட்டியே பிழைத்த நாடு, விட மனம் வரவில்லை.

ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன். 1571 அக்டோபர் 7-ல் கிரீஸ் கரையோரம் லெபாண்டோவில் ஸ்பெயினும் போப்பும் வெனிஸும் சேர்ந்து துருக்கியர் கப்பற்படையை நொறுக்கினார்கள். துடுப்புக் கப்பல்களில் பாதிக்கு மேல் வெனிஸுடையவை. வரிசைக்கு முன்னால் பீரங்கியோடு போன ஆறு பெரிய கலியாஸ் கப்பல்களும் (துடுப்பும் பாயும் உள்ளவை) அவர்கள் கட்டியவைதான். அப்படி ஜெயித்தவர்கள் 1573 மார்ச்சில் கூட்டாளிகளை விட்டுத் தனியாகச் சமாதானம் பேசி, தங்கள் கையிலிருந்த சைப்ரஸ் தீவையும் விட்டு, மூன்று லட்சம் டுகாட் பொற்காசும் கட்ட ஒப்புக்கொண்டார்கள். ஜெயித்தவன் எதற்குப் பணம் கட்டவேண்டும்?

கொருக்குப்பேட்டை வாத்தியார்:
தம்பி, முதலில் தேதியைப் பாருங்கள். சைப்ரஸின் தலைநகர் நிகோசியா 1570 செப்டம்பரிலேயே துருக்கியரிடம் விழுந்துவிட்டது. அதே தீவின் பமகுஸ்தா கோட்டை பதினோரு மாதம் தாக்குப்பிடித்து 1571 ஆகஸ்டில் சரணடைந்தது. வெனிஸ் தளபதி பிரகதினை உயிரோடு தோலுரித்தார்கள். இன்றைக்குப் படித்தாலும் வயிறு கலங்குகிறது. லெபாண்டோவுக்கு முன்பே தீவு போய்விட்டது. அந்த வெற்றியால் அதில் ஒரு அடி மண்கூடத் திரும்பவில்லை.

அப்புறம் கூட்டாளி. ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்கு வட ஆப்பிரிக்கா மேல்தான் கண். வெனிஸுக்கோ கோதுமையில் பெரும் பங்கு துருக்கியர் நாடுகளிலிருந்து வரவேண்டும். மிளகு வரும் அலெக்ஸாந்திரியாவும் அவர்கள் கையில். சண்டை நீள நீள வெனிஸ் வியாபாரத்துக்கு அது தடைக்காலம் மாதிரிதான், ஆனால் படைக்குச் செலவு நிற்காது.

பழவேற்காடு வாசகி:
வாத்தியார் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. போர் நடந்த காலம் முழுக்க வெனிஸ் தூதர் மார்க்கந்தோனியோ பர்பரோ துருக்கியர் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளில் காவலில்தான் இருந்தார். அங்கிருந்தே பேசினார். துருக்கியரின் தலைமை அமைச்சர் சொகொல்லுவின் மருத்துவர் சாலமன் அஷ்கெனாசிதான் நடுவில் போய்வந்தவர். அதே மருத்துவர் 1574-ல் சுல்தானின் தூதராக வெனிஸுக்கே வந்தார்! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் இவர்தான்.

லெபாண்டோவுக்குப் பின் துருக்கியர் ஒரே குளிர்காலத்தில் கப்பற்படையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். பச்சை மரத்தில் அவசரமாகக் கட்டியது என்கிறார்கள். 1572-ல் அவர்கள் தளபதி உலுஜ் அலி நேர்ச் சண்டைக்கு வராமல் நழுவிக்கொண்டே இருந்தார்.

காசிமேடு தச்சன்:
ஐயா, அம்மா, இரண்டு பேருக்கும் நன்றி. பச்சை மரம் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. அப்பா ஈரப் பலகையைத் தொடவே மாட்டார், மாதக்கணக்கில் நிழலில் அடுக்கிவைப்பார். ஒருமுறை ஒரு முதலாளி அவசரப்படுத்தி ஈரப் பலகையில் கட்டவைத்தார். மூன்றாம் மாதமே மேல்பலகை வெயிலில் சுருங்கி, தண்ணீர் புகாமல் அடைத்த கலப்பத்துப் பஞ்சு இடுக்கிலிருந்து விரல் நீளத்துக்குத் தொங்கியது. தண்ணீர் இறைத்து இறைத்தே கரைக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட கப்பலை வைத்துக்கொண்டு உலுஜ் அலி மோத வராதது சரிதான். ஆனால் ஒரு குளிர்காலத்தில் இவ்வளவு கட்ட முடிந்தவனிடம் மரமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. அடுத்த முறை காயவைத்தே கட்டுவான். வெனிஸ் தச்சர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

அந்தக் கலியாஸின் ஏராக்கட்டை, அதாவது அடிமரம், எத்தனை அடி நீளம் என்று யாருக்காவது தெரியுமா? பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து பார்க்கவேண்டும்.