பிஐ 6.2 உள்ள நொதி: கியூ குழாயா, எஸ்பி குழாயா?

வடிதாள்:
ஈ.கோலை பாக்டீரியாவில் உருவாக்கிய நொதி, பிரித்தெடுக்க உதவும் டேக் (ஒட்டுத்துண்டு) எதுவும் இல்லை. அமினோ அமில வரிசையிலிருந்து கணக்கிட்ட பிஐ (புரதத்தின் மொத்த மின்சுமை பூஜ்யமாகும் பிஎச்; அதற்கு மேலே எதிர்மின், கீழே நேர்மின்) 6.2. செல்களை 50 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பிஎச் 7.5-இல் உடைத்து, மையவிலக்கிய தெளிநீரை அப்படியே 5 மில்லி கியூ குழாயில் (எதிர்மின் புரதங்களைப் பிடிக்கும் ரெசின் மணிகள் நிரப்பியது) ஏற்றினால் பாதி ஒட்டாமல் ஓடிவிடுகிறது. மீதி 0 முதல் 1 மோலார் வரையிலான கிரேடியன்டில் (உப்பைச் சீராக ஏற்றும் ஓட்டத்தில்), தனித்தனியாகப் பிடிக்கும் பதினைந்து பிராக்‌ஷனுக்கு இழுபடுகிறது. நேர்மின் புரதங்களைப் பிடிக்கும் எஸ்பி ரெசினுக்கு மாறலாமா?

நேர்மின்னி:
ரெசினைக் குறை சொல்லாதீர்கள். கியூ நேர்மின்சுமை கொண்டது, பாஸ்பேட் எதிர்மின் அயனி. பஃபரே (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலே) ரெசினில் போய் உட்கார்ந்துகொண்டால் புரதத்துக்கு எங்கே இடம்? குழாய்க்குள் பிஎச்சும் ஆட்டம் காணும். போதாக்குறைக்கு 150 மில்லிமோலார் உப்பு; பிஐ 6.2 புரதம் பல நேரம் அந்த அளவிலேயே கழன்றுவிடும். 20 மில்லிமோலார் ட்ரிஸ் பஃபர், பிஎச் 8.0-க்கு மாறுங்கள். தெளிநீரை உப்பில்லாத ட்ரிஸால் ஐந்து மடங்கு நீர்க்க வைத்து, உப்பின் அளவைக் காட்டும் கடத்துத்திறன் செ.மீ.க்கு 5 மில்லிசீமன்ஸுக்குக் கீழே வந்ததா என்று மீட்டரில் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

அமிலமுனை:
பஃபர் பற்றிச் சொன்னது சரி. ஆனாலும் முதல் குழாயாகக் கியூ வேண்டாம். ஈ.கோலை புரதங்களில் பெரும்பங்கு அமிலத்தன்மை உள்ளவை. டிஎன்ஏ, ஆர்என்ஏ வேறு. எல்லாம் சேர்ந்து அதே ரெசினில் முட்டி மோதும். 20 மில்லிமோலார் அசிட்டேட், பிஎச் 5.2-இல் எஸ்பி போட்டால் நியூக்ளிக் அமிலம் ஒட்டாமல் நேரே வெளியே போய்விடும்.

நேர்மின்னி:
பிஎச் 5.2-க்கு இறக்கினாலே செல்சாறு வெள்ளையாகக் கலங்கும். அதில் உங்கள் நொதியும் போனால்? நியூக்ளிக் அமிலம் கியூவில் பெரும்பாலும் 0.5 மோலாருக்கு மேல்தான் இறங்கும். 0.4 மோலாரில் கிரேடியன்டை நிறுத்திவிட்டால் அது ஏன் உங்களைத் தொந்தரவு செய்யப்போகிறது?

அமிலமுனை:
இறங்கும்போது தொந்தரவு இல்லை, ஏறும்போது இடத்தைப் பிடித்துக்கொள்கிறதே! கலங்கலும் செலவில்லாத ஒரு சுத்திகரிப்புதான், நொதி கரைசலில் நின்றால். 1 மில்லி சாற்றைப் பனிக்கட்டியில் வைத்து, 0.5 மோலார் அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் விழுந்த இடத்தில் பிஎச் சரிந்து நல்ல புரதமும் கெடும். அரை மணி நேரம் கழித்து மையவிலக்கி, மேல்நீரின் நொதிச் செயல்பாட்டை அளந்தால் விடை தெரிந்துவிடும்.

சல்லடை:
இருவரும் கணக்கிட்ட பிஐயை வைத்தே மல்லுக்கட்டுகிறீர்கள். அது மொத்த மின்சுமையைத்தான் சொல்லும். மேற்பரப்பில் ஒரு பக்கம் லைசின் குவிந்திருந்தால், பிஐக்கு மேலான பிஎச்சிலும் புரதம் எஸ்பியில் ஒட்டலாம். குழாயை விட்டுவிட்டுச் சோதனைக்குழாயை எடுங்கள். ஒவ்வொன்றிலும் 0.1 மில்லி ரெசின். கியூவுக்கு பிஎச் 7.0, 7.5, 8.0, 8.5, எஸ்பிக்கு 4.8, 5.2, 5.6. அந்தந்த பஃபரால் ஐந்து முறை கழுவி, அதே பஃபருக்கு மாற்றிய மாதிரி 0.5 மில்லி சேர்த்து, பத்து நிமிடம் உருட்டி, மேல்நீரில் செயல்பாடு மிச்சம் இருக்கிறதா பாருங்கள். நொதி முழுக்க ஒட்டும் பிஎச்களில் பிஐக்கு மிக அருகில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குறைந்த உப்பிலேயே இறங்கும்.

ட்ரிஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: 25 டிகிரியில் பிஎச் 8.0 வைத்த ட்ரிஸ், 4 டிகிரியில் 8.6 பக்கம் போய்விடும். குளிர் அறையில் ஓட்டுவதானால் அங்கேயே வைத்துச் சரிசெய்யுங்கள்.

வடிதாள்:
சரி, பிஎச் முடிவானதும் கிரேடியன்ட் தேவையா, படிப்படியாக உப்பை ஏற்றினால் போதாதா?

அமிலமுனை:
100, 200, 400, 1000 மில்லிமோலார், நாலே படி. நேரம் மிச்சம்.

நேர்மின்னி:
முதல் ஓட்டத்திலேயே படி போட்டால் நொதி இரண்டு படிகளுக்கு நடுவில் பிளந்து, ஒரே புரதம் இரண்டு உச்சமாகத் தெரியும். அதை இரண்டு வடிவம் என்று நம்பி ஏமாந்துவிடுவோம். 0 முதல் 0.4 மோலார், 20 குழாய்க் கொள்ளளவு, அதாவது 100 மில்லி. 2 மில்லி பிராக்‌ஷன். எந்த உப்பில் இறங்குகிறது என்று தெரிந்த பிறகு படி போடுங்கள், ஆட்சேபணை இல்லை. கடைசியில் 1 மோலார் உப்பால் குழாயைக் கழுவ மறக்காதீர்கள்; முந்தைய ஓட்டத்தின் ஆர்என்ஏ இன்னும் உள்ளேதான் இருக்கும்.