தோல் சீவலில் மெலனின் பழுப்பும் டிஏபி (ஆன்டிபாடி படிந்த இடத்தைக் காட்டும் நிறப்பொருள்) பழுப்பும் பிரியவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கருத்த தோல் பயாப்சியில் மெலனோசைட்டுகளை (மெலனின் நிறமியை உருவாக்கும் செல்கள்) எண்ண வேண்டும். முன்கைத் தோல், 10% நடுநிலை ஃபார்மலினில் 24 மணி நேரம், பிறகு பாரஃபின், 4 மைக்ரான் சீவல்.

ஹெச் அண்ட் ஈ (ஹெமாடாக்சிலின், ஈயோசின்) சாயத்தில் அடித்தள அடுக்கில் வெள்ளை வளையம் சூழ்ந்த செல்கள் நிறையத் தெரிகின்றன. எல்லாமே மெலனோசைட் அல்ல. மெலனோசைட்டுக்கு டெஸ்மோசோம் (பக்கத்துச் செல்லோடு இணைக்கும் பிணைப்பு) பிடிப்பு கிடையாது. செல்லே சுருங்குவதால் வளையம் அதற்கு வெளியே விழும். கெரட்டினோசைட்டில் (மேல்தோலின் பெரும்பான்மைச் செல்) கருவை ஒட்டி, செல்லுக்குள்ளேயே விழும். சரியாகப் பதப்படாத துண்டில் இரண்டையும் பிரிப்பது கடினம்.

எஸ்100 ஆன்டிபாடி லாங்கர்ஹான்ஸ் செல்லையும் (மேல்தோலின் நோயெதிர்ப்புச் செல்) பிடிக்கும் என்பதால் மெலன்-ஏ ஆன்டிபாடி போட்டோம். சிக்கல் இங்கேதான்: கெரட்டினோசைட் கருவின் மேல் குடைபோலக் கவிந்திருக்கும் மெலனினும் டிஏபியும் ஒரே பழுப்பு. 0.25% பொட்டாசியம் பெர்மாங்கனேட், அடுத்து ஆக்சாலிக் அமிலம் என்று வெளுத்தால் மெலனின் போகிறது. கூடவே சீவல் ஸ்லைடிலிருந்து உரிகிறது, ஆன்டிபாடி படிவதும் மங்குகிறது.

மூன்று கேள்விகள். பின்னணிச் சாயமாக ஹெமாடாக்சிலினுக்குப் பதில் ஜீம்சா போட்டால் மெலனின் பச்சை கலந்த நீலமாகி டிஏபி பழுப்பாகவே நிற்கும்; உங்கள் செறிவும் நேரமும் என்ன? பெர்மாங்கனேட்டை விட்டு, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடைச் சூடாக்கி வெளுத்தவர்களுக்குச் சீவல் நின்றதா? டிஏபிக்குப் பதில் சிவப்பு நிறம் தரும் ஏஇசி எடுத்தால் அது ஆல்கஹாலில் கரையும், நீர் சார்ந்த மவுன்ட்தான் வைக்க வேண்டும். அது எத்தனை மாதம் தாங்குகிறது?

சாக்ஸ்10 ஆன்டிபாடி மெலனோசைட்டின் கருவில் மட்டும் படிவதால் எண்ண எளிது என்று தோன்றுகிறது. கருத்த தோலில் பார்த்தவர்கள் 40எக்ஸ் படம் ஒன்று போட்டால் பெரிய உதவி.