நாற்றா, கோரையா? வழக்கமும் அறிவியலும் உரசியபோது: எங்கள் பக்கத்து மூன்று பேரின் அனுபவங்கள்

மன்னார்குடிப் பக்கம்:

2002 வாக்கில் அப்பா எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, ஒரு மா நிலத்தில் மட்டும் ஒற்றை நாற்று நட்டார். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி. சாயங்காலம் வரப்பில் நின்று பார்த்தால் வயல் மொட்டையாகக் கிடந்தது. சேற்றில் அங்கங்கே ஊசி குத்தி வைத்த மாதிரி இருந்தது. "இது நாத்தா, கோரையா?" என்று நடவுக்கு வந்த அக்கா சிரித்தார். தாத்தா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. "இதெல்லாம் ஆராய்ச்சியில் நிக்காது, வழக்கம்போல நாலு நாத்தா வைங்க" என்றார் வேளாண்மை அதிகாரி.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மடகாஸ்கரில் ஒரு பாதிரியார் 1980களில் விவசாயிகளோடு வயலில் இறங்கி உருவாக்கிய முறை இது. அங்கிருந்து வந்த மகசூல் கணக்கில் சிலது நம்பும்படியும் இல்லை. அப்புறம் 2004இல்கூட ஒரு அமெரிக்க விஞ்ஞானி இதைப் பறக்கும் தட்டுக் கதைகளோடு சேர்த்து எழுதினார். எங்கள் வயலில் என்னவோ நன்றாகத்தான் தூர் கட்டியது.

2010இல் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு. அரசு இந்த நடவுக்கு 'ராஜராஜன் 1000' என்று பெயர் வைத்தது. அதே அதிகாரி துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். தாத்தா வாங்கிப் பார்த்துவிட்டு, "ராஜராஜன் காலத்திலேயே இருந்திருக்கு பாரு" என்றார்!

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் அப்பாயி வேப்பங்கொட்டையை இடித்து ராத்திரி ஊறப்போட்டு, பழைய வேட்டியில் வடிகட்டித் தெளிப்பார். அண்ணன் அதைக் கிழவி வேலை என்பான். '5 சத வேப்பங்கொட்டைச் சாறு, ஏக்கருக்கு 10 கிலோ, 200 லிட்டர் தண்ணீர்' என்று அச்சில் பார்த்ததும் அவனே டிரம் வாங்கி வந்தான். அளவு தெரிந்ததும் நல்லதுதான், அப்பாயிக்கு எல்லாம் கைக்கணக்கு. வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லிக்கு 1994இல் ஐரோப்பாவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். இதில் புதுசு ஒன்றுமில்லை என்று வாதாடி ரத்து செய்ய வைக்க 2000 ஆகிவிட்டது.

காரைக்காலிலிருந்து:

நான் இயற்பியல் வாத்தியார். 2023இல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17, வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றில் வாக்கியம்தான், அதனால் கூட்டம் டிசம்பரில். வாக்கியமும் ஒரு காலத்தில் வானம் பார்த்துப் போட்ட கணக்குதான், பிறகு திருத்தாமல் விட்டதால் விலகிப்போனது என்று மாமியாரிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு தேதியிலும் எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தார்.