டபுள் ஆக்‌ஷனில் சுடும்போது மட்டும் தோட்டாக்கள் கீழே இடப்பக்கமாக விழுகின்றன: .32 ரிவால்வர், 5 மீட்டர்

பெரம்பூர் நகைக்கடைக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் என் தந்தையார் தொடங்கிய சிறிய நகைக்கடையை நான் நடத்தி வருகிறேன். இரவில் கடையை அடைத்துவிட்டு, சில நாள்களில் பணத்துடனும் அடகு நகைகளுடனும் வீடு திரும்ப வேண்டியிருப்பதால், முறைப்படி விண்ணப்பித்து உரிமம் பெற்று, கான்பூர் தொழிற்சாலைத் தயாரிப்பான .32 ரிவால்வர் ஒன்றை வைத்திருக்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ஆயுதம், ஜூன் மாதம் முடிவுகள் வெளியான பிறகே கைக்குத் திரும்பியது. அந்த இடைவெளிக்குப் பிறகு பயிற்சித் தளத்துக்குச் சென்றபோதுதான் என் குறை எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டுச் சுட்டால் (சிங்கிள் ஆக்‌ஷன்), 5 மீட்டரில் ஆறு தோட்டாக்களும் நடுப்புள்ளியைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. சுத்தியலைத் தொடாமல் டிரிகரை மட்டும் இழுத்துச் சுட்டாலோ (டபுள் ஆக்‌ஷன்), ஒரு சாண் கீழே, இடப்பக்கமாகச் சாய்ந்து சிதறுகின்றன. நான் வலக்கைக்காரன், இரு கைகளாலும் பிடித்தே சுடுகிறேன். தளத்தில் உடன் சுட்ட ஒருவர் முன்குறியை, அதாவது குழல் முனையில் உள்ள குறிமுனையை, சிறிது அராவிவிடச் சொன்னார். இன்னொருவர் வலப்பக்கம் மேலே குறி வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். குறியில்தான் கோளாறா? ஆபத்து நேரத்தில் சுத்தியலை இழுத்து வைத்துக்கொண்டே சுடலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆர்மரர், புதுப்பேட்டை

தம்பி, ஆயுதங்களைப் பழுதுபார்த்து வந்த ஆர்மரர் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் அரத்தைக் கீழே வைத்துவிடுங்கள். உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அதே துப்பாக்கி, அதே குறி, அதே தோட்டா, அதே தூரம். சிங்கிள் ஆக்‌ஷனில் நடுவே விழுவது டபுள் ஆக்‌ஷனில் கீழே போகிறதென்றால், கோளாறு இரும்பில் இல்லை, கையில் இருக்கிறது. அந்த ரிவால்வரின் குறிகள் அசையாத வகை. முன்குறியின் உயரத்தை அராவிக் குறைத்தால் தோட்டா மேலே ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் செய்தபின், ஒழுங்காகச் சுடப் பழகிய நாளில் எல்லாத் தோட்டாக்களும் தலைக்கு மேலே போகும். அராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. தவிர, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் அல்லாத ஒருவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுக்கு விரோதமானது.

டபுள் ஆக்‌ஷனில் உங்கள் விரல் ஒரே இழுப்பில் மூன்று வேலைகளைச் செய்கிறது: சிலிண்டரைச் சுழற்றுகிறது, சுத்தியலைத் தூக்குகிறது, பிறகு அதை விடுவிக்கிறது. அதனால் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கிறது. அந்தக் கனத்தை ஆள்காட்டி விரல் தனியாகச் சுமக்காமல், மற்ற மூன்று விரல்களும் துணைக்கு வந்து பிடியை நெரிக்கின்றன. வலக்கைக்காரருக்கு அந்த நெரிப்பு குழலின் முனையைக் கீழும் இடமுமாகத் தள்ளும். நீங்கள் சொல்லும் ஒரு சாண் அதுதான்.

பிடியை இப்படி மாற்றிப் பாருங்கள். வலக்கையைப் பிடியில் எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றுங்கள். சுத்தியல் பின்னே வரும்போது கையில் இடிக்காமல் இருந்தால் போதும். டிரிகரில் விரல் நுனியை வைக்காமல், முதல் மூட்டுக்கோட்டுக்கு அருகில் வையுங்கள். கனமான இழுப்புக்கு நுனிச்சதையின் வலு போதாது. இடக்கை வலக்கையின் விரல்களை வெளியிலிருந்து இறுகச் சுற்றிக்கொள்ளட்டும். இறுக்கத்தைப் பெரும்பாலும் இடக்கை ஏற்றுக்கொண்டால், வலக்கை விரல் தன் வேலையைத் தனியாகச் செய்யும். இரு கட்டைவிரல்களும் கீழ்நோக்கி மடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போதைய பிஸ்டல்காரர்கள் செய்வதைப் பார்த்து இடக்கட்டைவிரலை முன்னே நீட்டிவிடாதீர்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து கொதிக்கும் வாயுவும் ஈயத் துணுக்குகளும் பக்கவாட்டில் பீறிடும். அங்கே விரல் இருந்தால் தோல் கிழியும்.

சுத்தியலை இழுத்து வைத்துச் சுடும் யோசனையை விட்டுவிடுங்கள். இழுத்து வைத்த ரிவால்வரின் டிரிகர் மிகவும் இலேசானது. நடுங்கும் கையில் அது நீங்கள் நினைக்காத நேரத்தில் வெடிக்கும். சுடத் தேவையில்லை என்று ஆனபின், அதே நடுக்கத்தோடு சுத்தியலை மெல்ல இறக்கி வைப்பதும் ஆபத்தானது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறைகள் ரிவால்வர் வைத்திருந்த காலத்திலேயே, இந்தக் காரணத்தை முன்னிட்டு அவற்றை டபுள் ஆக்‌ஷனில் மட்டும் இயங்குமாறு மாற்றிவிட்டன.

வேளச்சேரி பிஸ்டல் வீராங்கனை

ஆர்மரர் ஐயா சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்க விரும்புகிறேன், அண்ணா. பிடி சரியான பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வெடிச்சத்தத்தையும் உதைப்பையும் எதிர்பார்த்து, வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பே கை கீழே அழுத்திவிடும். அதைச் சுடுபவர் உணரவே மாட்டார். ஏனென்றால் வெடிப்பின் அதிர்வு அந்த அழுத்தத்தை மறைத்துவிடுகிறது.

அதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. தளத்தில், உடன் இருப்பவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, சிலிண்டரின் ஆறு அறைகளில் மூன்றிலோ நான்கிலோ மட்டும் தோட்டாவை இட்டு, எங்கே இட்டார் என்று சொல்லாமல் மூடித் தரச் சொல்லுங்கள். வழக்கம்போல் குறி வைத்துச் சுடுங்கள். காலி அறை வரும்போது ‘க்ளிக்’ என்ற ஒலி மட்டும் கேட்கும். அந்தக் கணத்தில் முன்குறி என்ன செய்கிறது என்று பாருங்கள். முதன்முதலில் செய்தபோது என் முன்குறி, ஏதோ கதவுத் தாழ்ப்பாளைத் தட்டுவதுபோல் இரண்டு விரல் அளவு கீழே குதித்தது. நான் நான்கு ஆண்டுகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டவள். எனக்கே நம்ப முடியவில்லை. காலி அறையிலும் முன்குறி அசையாமல் நிற்கும்வரை அந்தப் பயிற்சியை விடாதீர்கள்.

பலரும் அலட்சியம் செய்வது காதுப் பாதுகாப்பு. தகரக் கூரைக்கு அடியில் .32 சத்தமே செவியை அறையும். நுரைப்பஞ்சுச் செருகலும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்து அணிந்தால் பாதிப் பதற்றம் தானாகக் குறையும். மே மாதத்தில் நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்துப் பிடி வழுக்கினால், விரல்கள் மறுபடியும் நெரிக்கத் தொடங்கும். சிறு பருத்தித் துண்டு ஒன்றை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, ஆறு தோட்டாக்களுக்கு ஒருமுறை கையையும் பிடியையும் துடைத்துவிடுங்கள்.

பெரம்பூர் நகைக்கடைக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. உரிமத்தில் குறித்துள்ள தோட்டாக்களைக் கொண்டு அடிக்கடி தளத்துக்குப் போக இயலாது, விலையும் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே தோட்டா இல்லாமல் வெற்றாகப் பழகலாமா? நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆர்மரர், புதுப்பேட்டை

பழகலாம் தம்பி, உண்மையில் டபுள் ஆக்‌ஷன் கை வருவது வீட்டில்தான், தளத்தில் இல்லை. ஆனால் நான் சொல்லும் ஒழுங்கில் ஒன்றைக்கூட விடக்கூடாது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டாக்கள் அனைத்தும் வேறு அறையில், பூட்டிய பீரோவுக்குள் இருக்க வேண்டும். உங்கள் ரிவால்வர் நடுவே மடங்கித் திறக்கும் வகை. திறந்ததும் வெளித்தள்ளியின் நட்சத்திரத் தகடு எல்லாத் தோட்டாக் கூடுகளையும் தூக்கிவிடும் என்று நம்பி மூடிவிடாதீர்கள். சில நேரம் ஒரு கூடு அந்த நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் நழுவி அறைக்குள்ளேயே தங்கிவிடுவதுண்டு. கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது; சுண்டுவிரலை ஆறு அறைகளிலும் ஒவ்வொன்றாக விட்டுத் தொட்டுப் பாருங்கள். சுத்தியல் முனை தேயாமலிருக்க டம்மி தோட்டா கிடைத்தால் இட்டுக்கொள்ளுங்கள். குழல் நோக்கும் சுவருக்குப் பின்னால் அடுத்த வீட்டுப் படுக்கையறை இருக்கக் கூடாது.

பிறகு, வெற்றுச் சுவரைப் பார்த்து, குறிப்புள்ளி எதுவும் இல்லாமல், முன்குறியின் விளிம்பை மட்டும் பார்த்தபடி டிரிகரை இழுங்கள். பாதியில் நிறுத்தி, மறுபடி தொடரும் பழக்கம் வேண்டாம். கிணற்றில் வாளி இழுப்பதுபோல் ஒரே சீராக வர வேண்டும். சில நாள்கள் கழித்து, குழலின் மேல் முன்குறிக்குச் சற்றுப் பின்னே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடச் சொல்லி, அது விழாமல் பத்து முறை இழுத்துப் பாருங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். விரல் களைத்தபின் செய்வது தவறான பழக்கத்தையே ஊட்டும். முடிந்ததும், ‘இன்னும் ஒரேயொரு முறை’ என்று மறுபடி தொடாதீர்கள். தோட்டா இட்டபிறகு எடுத்த அந்த ஒரு முறைதான் வீடுகளில் விபத்தாகிறது.

உயர் நீதிமன்ற வழக்குரைஞர்

ஐயா, நீங்கள் கேட்காததைச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுடும் முறையைக் கற்கும்போதே சுடக்கூடாத நேரத்தையும் கற்பது நல்லது. 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான தற்காப்புப் பிரிவுகள், அதற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை அமைந்துள்ளன. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்று 37ஆம் பிரிவு வரையறுக்கிறது. உயிர் போகும் அளவுக்குச் செல்லும் உரிமை, மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் போன்ற, 38ஆம் பிரிவு பட்டியலிடும் நிலைகளில் மட்டுமே எழுகிறது. பொருளைக் காப்பதற்கு 41ஆம் பிரிவு கொள்ளையையும், சூரியன் மறைந்தபின் விடிவதற்குள் நடக்கும் வீட்டுடைப்பையும் குறிப்பிடுகிறது என்றாலும், 43ஆம் பிரிவின்படி கொள்ளைக்கு எதிரான உரிமை, கொள்ளையர் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு செய்துகொண்டோ, ஒருவரைத் தடுத்து நிறுத்திக்கொண்டோ இருக்கும்வரை, அல்லது அவ்வாறு உடனே செய்வார் என்ற அச்சம் நீடிக்கும்வரைதான் தொடர்கிறது. பையைப் பறித்துக்கொண்டு இரண்டு சக்கர வண்டியில் விரைந்து போகிறவரின் முதுகில் சுட்டால், நீங்கள் புகார்தாரராக இருக்க மாட்டீர்கள், குற்றஞ்சாட்டப்பட்டவராக இருப்பீர்கள்.

அவசரமாக ஆராய்ந்து எடைபோட நேரமில்லாத மனிதரிடம் தங்கத்தராசின் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை நம் நீதிமன்றங்கள் தொடர்ந்து ஏற்று வந்திருக்கின்றன. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்புரிமையின் கோட்பாடுகளை வரிசைப்படுத்தித் தந்ததும் அந்த நோக்கில்தான். ஆனால் அந்தச் சலுகை உண்மையான அச்சத்துக்கு உரியது, கோபத்துக்கு உரியதன்று. எச்சரிக்கைக்காக வானத்தை நோக்கிச் சுடுவதையும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். மேலே போன தோட்டா எங்காவது ஒரு மொட்டைமாடியில் இறங்கும். பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்வண்ணம் கவனமின்றிச் சுடுவதற்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆர்மரர், புதுப்பேட்டை

வழக்குரைஞர் ஐயா சொன்னதை நானும் வழிமொழிகிறேன். தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5 மீட்டர் என்பது காகிதத்தைச் சுடும்போது நீண்டதாகத் தோன்றும். 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவலர் டென்னிஸ் டியூலர், கத்தியோடு பாய்கிறவர் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறார் என்று செய்து காட்டி எழுதினார். 21 அடி என்பது 6 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். உறையிலிருந்து எடுத்து ஒரு தோட்டா சுடவே அந்த ஒன்றரை நொடி போய்விடும். ஆகவே கால் முதலில் நகர வேண்டும். பக்கவாட்டில், ஒரு வண்டியையோ தூணையோ நடுவே விட்டு நகர வேண்டும். கை எட்டும் தொலைவில் ஆள் வந்துவிட்டால், பயிற்சித் தளத்தில் நிற்பதுபோல் இரு கைகளையும் முன்னே நீட்டினால் துப்பாக்கியை அவர் கையிலேயே கொடுத்ததாகும். அந்த நெருக்கத்தில் வலக்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். இடக்கை உங்கள் தலையையும் மார்பையும் காக்க வேண்டும், குழலுக்கு முன்னே வரக்கூடாது. இதைத் தோட்டாவோடு தனியாகப் பழகாதீர்கள். தகுதியான பயிற்றுநர் முன்னிலையில், டம்மி துப்பாக்கியோடு மட்டும் பழகுங்கள்.

பணம் கொண்டுபோகும் நேரத்தையும் வழியையும் நாளுக்கு நாள் மாற்றுங்கள். உடன் ஒருவர் வரட்டும்.

பெரம்பூர் நகைக்கடைக்காரர் (ஆறு வாரங்களுக்குப் பிறகு)

உங்கள் எல்லோரிடமும் கடன்பட்டிருக்கிறேன். காலி அறைப் பயிற்சியை முதல் நாள் செய்தபோது, மூன்றாவது இழுப்பில் ‘க்ளிக்’ என்றதும் முன்குறி இலக்குத்தாளின் அடி விளிம்புக்கே இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அத்தனை நாளும் துப்பாக்கியைக் குறை சொன்னேனே என்று வருந்தினேன். நாணயம் முதல் வாரம் ஒரு முறைகூட நிற்கவில்லை. இப்போது பத்தில் எட்டு முறை நிற்கிறது. நேற்று தளத்தில் டபுள் ஆக்‌ஷனில் சுட்ட ஆறில் ஐந்து உள்ளங்கைக்குள் விழுந்தன. ஆறாவது மட்டும், எப்போதும் கடைசித் தோட்டா மட்டும், பழைய இடத்துக்கே போகிறது. கடை முடிந்ததும் பணத்தை இரவில் எடுத்துச் செல்லாமல், கடை லாக்கரிலேயே வைத்து மறுநாள் பகலில் வங்கியில் செலுத்தும் ஏற்பாட்டையும் செய்துவிட்டேன்.

வேளச்சேரி பிஸ்டல் வீராங்கனை

கடைசித் தோட்டா என்று உங்களுக்குத் தெரிவதால்தான் அப்படி ஆகிறது, அண்ணா. வெடித்த உடனே துப்பாக்கியை இறக்கி, தாளைப் பார்க்கும் ஆவலில் கண் முன்குறியை விட்டு முன்பே கிளம்பிவிடுகிறது. ஆறாவது வெடித்த பிறகும் டிரிகரை மெல்ல முன்னே விட்டு, ஏழாவது இருப்பதாகவே எண்ணிக் குறியை மறுபடி சேர்த்து, இரண்டு மூச்சு நேரம் அப்படியே நில்லுங்கள். அதற்குப் பிறகு இறக்குங்கள்.